சின்ன ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் வேறு ஐபீஸ் போட்டால் எத்தனை மடங்கு? கணக்கும் அளவும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பறவை பார்க்க 56 மி.மீ. முகப்பு லென்ஸ் உள்ள சின்ன ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது டிரைபாடில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கருவி, வைத்திருக்கிறீர்கள். கூட வந்த ஜூம் ஐபீஸில் (கண் வைக்கும் பக்கத்து லென்ஸ்) 9 முதல் 27 மடங்கு என்று போட்டிருக்கிறது. நட்சத்திரம் பார்க்கும் நண்பர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த இரண்டு ப்ளாசல் ரக (எளிய, பரவலான வடிவமைப்பு) ஐபீஸ்களைக் கொடுத்திருக்கிறார். ஒன்றில் 10 மி.மீ., இன்னொன்றில் 6 மி.மீ. என்று எழுதியிருக்கிறது. 56-ஐ 10-ஆல் வகுத்தால் 5.6 வருகிறது, ஆனால் கண்ணில் பார்த்தால் ஜூமை 20-க்கு மேல் திருப்பி வைத்தது போல இருக்கிறது. கணக்கு எங்கே இடிக்கிறது, சென்னையை ஒட்டிய பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தில் உள்ளான்களை (சேற்றில் இரை தேடும் பறவைகள்) இனம் பிரித்தறிய 6 மி.மீ. உதவுமா என்பதுதான் கேள்வி.

உங்கள் கண் சரி, கணக்குதான் தப்பு. வகுக்க வேண்டிய எண் 56 இல்லை. 56 என்பது முகப்பு லென்ஸின் அகலம். எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும், எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதை அது தீர்மானிக்கும். எத்தனை மடங்கு என்பதை முடிவு செய்வது அந்த லென்ஸின் குவியத் தூரம், அதாவது லென்ஸிலிருந்து அது ஒளியைக் குவிக்கும் இடம் வரை உள்ள தூரம். அதை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் மடங்கு வந்துவிடும். ஐபீஸின் மேல் 10, 6 என்று இருப்பது அந்த ஐபீஸின் குவியத் தூரம்தான். தொலைநோக்கி விற்பவர்கள் குழாயின் மேலேயே குவியத் தூரத்தை அச்சடித்துவிடுவார்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப் விற்பவர்களோ பெரும்பாலும் அதைச் சொல்வதே இல்லை. தங்கள் ஐபீஸைத் தவிர வேறு எதையும் போட மாட்டீர்கள் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. நிகான் பீல்ட்ஸ்கோப் ஐபீஸ்களைப் பார்த்தால் புரியும். ஒரே ஐபீஸின் பெயரிலேயே 27, 40, 50 என்று மூன்று எண்கள் இருக்கும். 50 மி.மீ. ஸ்கோப்பில் போட்டால் 27 மடங்கு, 60-இல் 40 மடங்கு, 82-இல் 50 மடங்கு என்று அர்த்தம். இன்னொரு ஐபீஸில் 16, 24, 30 என்று இருக்கும். ஐபீஸ் மாறவில்லை, பின்னால் இருக்கும் குழாயின் குவியத் தூரம்தான் மாறுகிறது. இரண்டு வரிசையிலும் விகிதம் ஏறக்குறைய ஒன்றே என்பதைக் கவனியுங்கள். 50 மி.மீ. குழாயின் குவியத் தூரம் 60 மி.மீ. குழாயினுடையதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. செகண்ட் ஹேண்டில் ஐபீஸ் வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் '50 மடங்கு' என்பதை மட்டும் படித்துவிட்டுக் காசு கொடுத்துவிடுகிறார்கள். சின்னக் குழாயில் அது 27 மடங்குதான்.

சரி, உங்கள் ஸ்கோப்புக்கு வருவோம். செலஸ்ட்ரான் ஹம்மிங்பேர்ட் போன்ற சில சின்ன ஸ்கோப்கள், தொலைநோக்கிகளில் புழங்கும் 1.25 அங்குல ஐபீஸை அப்படியே ஏற்கும். நண்பருடைய ஐபீஸ் உங்களுடையதில் பொருந்துகிறது என்றால் அதுவும் அந்த ரகம். ஜூமைக் கழற்றி அதன் உடம்பில் மி.மீ. கணக்கு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 1.25 அங்குல ஜூம்களில் 8-24 மி.மீ. ரொம்பச் சாதாரணம். உங்களுடையதும் அதுவென்றால் வேலை சுலபம். 24-ஐ 9-ஆல் பெருக்கினால் 216, 8-ஐ 27-ஆல் பெருக்கினாலும் 216. இரண்டு முனையும் ஒத்துப்போகிறது, ஆகவே குவியத் தூரம் சுமார் 216 மி.மீ. அப்படியானால் 10 மி.மீ. ஐபீஸ் 21.6 மடங்கு தரும், 6 மி.மீ. 36 மடங்கு தரும். '20-க்கு மேல் இருக்கிறது' என்று உங்களுக்குத் தோன்றியது சும்மா இல்லை.

ஆனால் இது எழுதியிருப்பதை நம்பிப் போட்ட கணக்கு. ஜூமில் எதுவும் எழுதவில்லை என்றாலோ, எழுதியிருப்பதில் நம்பிக்கை இல்லை என்றாலோ நாமே அளந்துவிடலாம். ஒருமுறை குவியத் தூரத்தைக் கண்டுபிடித்து மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டால், அப்புறம் எந்த ஐபீஸ் கைக்கு வந்தாலும் ஒரு வகுத்தல்தான்.

எனக்குப் பிடித்த வழி இது. கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் மெல்லியதாக இரண்டு கீற்று வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்கோப்பின் முகப்பு விளிம்பில், லென்ஸில் படாமல், குறுக்கே இணையாக ஒட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே சரியாக 40 மி.மீ. இருக்கட்டும். ஸ்கோப்பை முதலில் தூரத்துக் கட்டடம் ஒன்றில் தெளிவாக்கிவிட்டு, வெளிச்சமான வானத்தின் பக்கம் திருப்புங்கள். சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம், பக்கத்தில்கூட வேண்டாம். இப்போது ஐபீஸுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி ஒரு ட்ரேசிங் பேப்பரைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் சின்ன வெளிச்ச வட்டம் ஒன்று கூர்மையாக விழும். எக்ஸிட் பியூப்பில் என்பது இதைத்தான். முகப்பு லென்ஸின் குட்டி உருவம் அது. அதற்குள் உங்கள் இரண்டு டேப் கீற்றும் மயிரிழைபோலத் தெரியும். அவற்றுக்கு நடுவே உள்ள தூரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, 40-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது மடங்கு. காலிப்பர் இல்லையென்றால் பாரிமுனைப் பக்கம் டூல்ஸ் கடைகளில் பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கும்.

பலர் டேப் எல்லாம் ஒட்டாமல் 56-ஐ அந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்துவிடுகிறார்கள். அவசரத்துக்கு அது போதும். ஆனால் சில ஸ்கோப்களில் உள்ளே இருக்கும் பிரிஸமோ ஒரு தடுப்பு வளையமோ ஓரத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் வெட்டிவிடும். 56 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் வேலை செய்வது 50 மி.மீ. ஆக இருக்கலாம். அப்போது வட்டம் சிறுக்கும், கணக்கில் மடங்கு கூடுதலாக வரும். டேப் முறையில் அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் 40 மி.மீ. நாமே வைத்தது. இரண்டு வழியிலும் வரும் விடை ஒத்துப்போகவில்லை என்றால், உங்கள் ஸ்கோப் எவ்வளவு வெட்டுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அளக்கும்போது நீளமான குவியத் தூரம் உள்ள ஐபீஸையே போடுங்கள். 6 மி.மீ. ஐபீஸில் அந்த 40 மி.மீ. இடைவெளி 1.1 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும், அதில் 0.1 பிசகினால் கிட்டத்தட்ட 10 சதவீதம் போச்சு. நண்பரிடம் 25 மி.மீ. ஐபீஸ் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்குங்கள். அதில் இடைவெளி 4.6 மி.மீ. வாக்கில் இருக்கும், பிழை 2 சதவீதம் வாக்கில் அடங்கும். வந்த மடங்கை 25-ஆல் பெருக்கினால் குவியத் தூரம். இன்னொன்று, ஐபீஸில் எழுதியிருக்கும் மி.மீ.யும் கறாரான எண் இல்லை, சில சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஆகவே விடை 212 வந்தாலும் 220 வந்தாலும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

டேப், காலிப்பர் எல்லாம் தொல்லை என்றால் கைபேசி போதும். எதிர் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்குமே, அது 60, 70 மீட்டர் தள்ளி இருந்தால் நல்லது. முதலில் ஸ்கோப் இல்லாமல் கைபேசியின் முக்கிய லென்ஸில் ஒரு படம் எடுங்கள். அப்புறம் அதே லென்ஸை ஐபீஸில் வைத்து இன்னொரு படம். இரண்டிலும் தொட்டியின் அகலம் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். முதல் படத்தில் 60, இரண்டாவதில் 1,290 என்றால் 21.5 மடங்கு. ஸ்கோப்பிலிருந்து வெளியே வரும் கதிர்கள் இணையாக வருவதால் இந்த விகிதம் நேராக மடங்கையே தந்துவிடுகிறது. ஒரே எச்சரிக்கை: இந்தக் காலத்துக் கைபேசிகள் ஏதாவது பக்கத்தில் வந்தாலே நம்மைக் கேட்காமல் மேக்ரோ லென்ஸுக்குத் தாவிவிடும். அதை அணைத்துவிட்டு 1 மடங்கில் பூட்டி வையுங்கள், டிஜிட்டல் ஜூமைத் தொடாதீர்கள்.

இந்தச் சோதனைகள் இன்னொரு விதத்திலும் உதவும். '40×60' என்று கொட்டை எழுத்தில் போட்டு மலிவு விலைக்கு விற்கும் ஒற்றைக்கண் கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். நிஜமாகவே 40 மடங்கு, 60 மி.மீ. லென்ஸ் என்றால் அந்த வெளிச்ச வட்டம் 1.5 மி.மீ.தான் இருக்க வேண்டும். கையில் வாங்கி ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் 4, 5 மி.மீ. வட்டம் பளிச்சென்று தெரியும். மிஞ்சிப்போனால் 15 மடங்கு. கடையிலேயே, காசு கொடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. 6 மி.மீ. போட்டால் 36 மடங்கு, அது பிரயோஜனமா?

முதலில் வெளிச்சம். 56-ஐ 36-ஆல் வகுத்தால் வட்டம் 1.6 மி.மீ. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி 2 முதல் 3 மி.மீ. வரை திறந்திருக்கும். அதைவிடச் சிறிய வட்டம் என்றால் படம் மங்கத்தான் செய்யும். 10 மி.மீ. ஐபீஸில் வட்டம் 2.6 மி.மீ., பகலுக்குக் கனகச்சிதம். காலை 6 மணி வெளிச்சத்திலும் மார்கழி மேகமூட்டத்திலும் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அடுத்தது நுணுக்கம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மடங்கு கூடினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். 56 மி.மீ. லென்ஸ் எவ்வளவு நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் என்பதற்கு வானியலாளர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். 116-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்தால் விடை ஆர்க் செகண்டில் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) வரும். உங்களுக்கு 2 செகண்டுக்குச் சற்று மேல். சராசரிக் கண் 60 செகண்ட் அளவுக்குப் பிரித்தறியும். ஆக 29 மடங்கிலேயே, லென்ஸ் பிடித்துத் தரக்கூடிய கடைசி நுணுக்கம் கண்ணின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. சிரமப்படாமல் பார்க்க இன்னும் கொஞ்சம் கூட்டலாம், 40 வரை. அதற்கு மேல் படம் பெரிதாகும், புதிதாக எதுவும் தெரியாது. விலையுயர்ந்த சின்ன ஸ்கோப்களும் அந்த அளவில்தான் நிறுத்திக்கொள்கின்றன: ஸ்வரோவ்ஸ்கியின் 56 மி.மீ. ஏடிசி 17 முதல் 40 வரை, கோவாவின் 55 மி.மீ. ஸ்கோப் 15 முதல் 45 வரை.

இப்போது இதைச் சேற்றில் நிற்கும் பறவைமேல் வைத்துப் பாருங்கள். கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால், டெமிங்க் உள்ளானுக்கு வெளிறிய மஞ்சள் கலந்த பச்சைக் கால். அந்தக் காலின் தடிமன் ஏறக்குறைய 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 200 மீட்டர் தள்ளி நின்றால் அந்த 2 மி.மீ. கண்ணுக்குக் காட்டும் கோணம் 2 ஆர்க் செகண்ட். அதாவது உங்கள் லென்ஸின் எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது. 21 மடங்கானாலும் 36 மடங்கானாலும் 60 மடங்கானாலும் அந்தத் தூரத்தில் கால் நிறத்தை அடித்துச் சொல்ல முடியாது. 100 மீட்டருக்கு வரும்வரை காத்திருந்தால் 20 மடங்கிலேயே தெரிந்துவிடும். அதுவும் காலில் சேறு அப்பாமல் இருந்தால். தூரத்தில் நிற்கும்போது கால் நிறத்தை விட்டுவிட்டு, இரை தேடும் விதத்தைப் பாருங்கள். கொசு உள்ளான் பரபரவென்று ஓடிக் கொத்தும், டெமிங்க் குனிந்தபடி நிதானமாக நகரும். அதற்கு மடங்கு வேண்டாம், பொறுமை போதும். பச்சைக்கால் உள்ளானின் தடித்த, நுனி சற்றே மேல்நோக்கிய அலகு மாதிரியான விஷயங்களுக்கு 200 மீட்டரிலும் 20, 25 மடங்கு தாராளம்.

மூன்றாவது, சென்னைக் காற்று. புத்தகத்தில் போட்ட கணக்கை எல்லாம் இது கவிழ்த்துவிடும். வெயில் ஏறி, ஈரச் சேறும் பக்கத்துத் தார்ச் சாலையும் சூடாகத் தொடங்கியதும் கானல் நெளிய ஆரம்பிக்கும். ஜனவரியிலேயே 9 மணிக்கு மேல் பெரும்பாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் தாழ்வாகப் பார்க்கும்போது 30 மடங்கில் உப்புக்கொத்திகள் தண்ணீருக்கடியில் நிற்பது போல ஆடும். அப்போது மடங்கைக் கூட்டினால் ஆட்டமும் சேர்ந்து கூடும். 15-க்கு இறக்கினால் பறவை சின்னதாக, ஆனால் உருப்படியாகத் தெரியும். பள்ளிக்கரணையை நடுவில் வெட்டிக்கொண்டு போகும் 200 அடிச் சாலையோரம் நின்றால் ஒவ்வொரு லாரிக்கும் டிரைபாட் அதிரும். முட்டுக்காடு, கேளம்பாக்கம் பக்கம் மதியம் கடற்காற்று எழும்பிவிட்டால் அதே கதை. சின்ன ஸ்கோப் வாங்குகிறவர்கள் சின்ன டிரைபாடும் வாங்குவார்கள். 36 மடங்கைத் தாங்க அது போதாது.

பார்வைப் பரப்பையும் கணக்குப் போட்டுவிடலாம். ப்ளாசலின் தோற்றப் பரப்பு, அதாவது ஐபீஸ் வழியே கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் கோண அகலம், சுமார் 50 டிகிரி. அதை மடங்கால் வகுத்தால் உண்மைப் பரப்பு. ஒவ்வொரு டிகிரிக்கும் ஆயிரம் மீட்டரில் 17.5 மீட்டர். 10 மி.மீ.-இல் 2.3 டிகிரி, அதாவது 200 மீட்டர் தூரத்தில் 8 மீட்டர் அகலம். 6 மி.மீ.-இல் 5 மீட்டருக்கும் குறைவு. நாமக்கோழிக் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றை வாத்தை 5 மீட்டர் ஜன்னல் வழியாகத் தேடிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் வெறுத்துவிடும்.

அதனால் என் யோசனை இது. 10 மி.மீ. ஐபீஸை வைத்துக்கொள்ளுங்கள். ஜூமை அதே 21-இல் வைத்து இரண்டையும் அடுத்தடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், நடுவில் ப்ளாசல் கொஞ்சம் பளிச்சென்று இருக்க வாய்ப்பு உண்டு. ஓரங்கள் மசங்கினால் ஐபீஸைத் திட்டாதீர்கள். 216-ஐ 56-ஆல் வகுத்தால் எஃப்/3.9 வருகிறது, இவ்வளவு குட்டையான குழாயில் எளிய ஐபீஸ்கள் ஓரத்தில் தடுமாறத்தான் செய்யும். 6 மி.மீ.யை நண்பரிடமே கொடுத்துவிடலாம், அல்லது நிலாவுக்கு வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி போடுகிறவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். 6 மி.மீ. ப்ளாசலில் கண்ணைக் கிட்டத்தட்ட லென்ஸில் ஒட்ட வேண்டும், இடைவெளி 4, 5 மி.மீ.தான் கிடைக்கும். கண்ணாடியோடு பார்க்க 15 மி.மீ.யாவது வேண்டும்.

காசு செலவழிப்பதாக இருந்தால் எதிர்ப்பக்கம் செலவழியுங்கள். 16 மி.மீ. வாக்கில், 68 டிகிரிப் பரப்பு உள்ள அகலக்கோண ஐபீஸ் ஒன்று 13.5 மடங்கு தரும். பரப்பு 5 டிகிரி, 200 மீட்டரில் 17.5 மீட்டர். பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டத்தை அலசுவதற்கும், கூழைக்கடாக்கள் இறங்கும்போது பின்தொடர்வதற்கும் இதுதான் சுகம். ஜூம்கள் குறைந்த மடங்கில் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பது போலக் குறுகிவிடும், உங்கள் ஜூமின் 9 மடங்கில் அது தெரிந்திருக்கும். வேடந்தாங்கலுக்கு மட்டும் போவதாக இருந்தால் இதுவும் வேண்டாம், அங்கே பைனாகுலரே போதும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை மட்டும் கட்டாயம் செய்துவிடுங்கள். தொலைநோக்கி ஐபீஸ் பொருந்திவிட்டது என்பதற்காகத் தூரத்தில் தெளிவு கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. சின்ன ஸ்கோப்களில் ஃபோகஸ் நகரும் தூரம் குறைவு. 50 மீட்டர் மரம் கூர்மையாகத் தெரியும், அரைக் கிலோமீட்டர் தள்ளி உள்ள டவர் கடைசிவரை மசங்கலாகவே இருக்கும். ஐபீஸை அடிவரை உள்ளே தள்ளித் திருகை இறுக்கிப் பாருங்கள், சில சமயம் சரியாகிவிடும். இன்னும் உள்ளே போக வேண்டிய ஐபீஸ் என்றால் அந்த ஸ்கோப்பில் அது உதவாது, எவ்வளவு நல்ல ஐபீஸாக இருந்தாலும். கடைக்காரர் சம்மதித்தால் ஸ்கோப்பைக் கையோடு கொண்டுபோய், கடை வாசலில் நின்று தெருக்கோடி பெயர்ப்பலகையைத் தாண்டித் தூரத்தில் இருக்கும் ஒன்றில் தெளிவு கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கிய பிறகு ஐபீஸை முட்டுக்காட்டு உப்புக் காற்றில் திறந்து மாற்றாதீர்கள். காரிலோ வீட்டிலோ மாற்றிக்கொண்டு கிளம்புங்கள், திரும்பி வந்ததும் ஸ்கோப்பையும் ஐபீஸையும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலமே போதும்.